கேக் வெட்டிய பிறகு வரும் எழுபதுகள்

பிறந்தநாள் விழாக்களில் பாட்டுப் போடும் தொழிலில், கேக் வெட்டும் வரைக்கும்தான் நிம்மதி. அதற்கப்புறம் பெரியவர்கள் ஒவ்வொருவராக நம் மேசைக்கு வந்து, எழுபதுகளில் கேட்ட பாட்டைக் கேட்பார்கள். சனிக்கிழமைகளில் ஸ்பீக்கர் தூக்கும் சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? நான் மதுரைக்காரன். அந்தக் காலத்தில் இலங்கையில் தமிழ் பொப், அதாவது பாப் பாட்டு கொடிகட்டிப் பறந்த கதையே எனக்கு சிட்னி வந்துதான் தெரியும்.

மெட்டு மட்டும்

சிட்னி லிட்கம் மண்டபத்தில் ஒரு அங்கிள் வந்தார். "சொல்லு மறந்துபோச்சு தம்பி, மெட்டு மட்டும் இருக்கு" என்று முனகிக் காட்டினார். பாட்டைக் கண்டுபிடிக்கும் ஆப்பைத் திறந்து போனை அவர் வாயருகே நீட்டினேன். அது ஏதோ ஸ்பானிஷ் பாட்டை எடுத்துக் கொடுத்தது. கண்ணை மூடி முழுசாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இவன் எங்கட ஆக்களிட்ட இருந்துதான் களவெடுத்திருக்கிறான்."

சிரிப்புச் சத்தம்

மெல்பேர்ன் பொயிண்ட் குக்கில் அருளானந்தம் அங்கிளின் விழா. அவருடைய மகள், பழைய ஆங்கில டிவி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் ஆரம்ப இசையைப் போடச் சொன்னாள். போட்டதும் அங்கிள் துள்ளி எழுந்தார். அந்தத் தொடரில் அப்படி என்ன இருக்கிறது என்று விசாரித்தேன். எழுபதுகளில் இங்கே படிக்க வந்தவராம். கதைக்க ஒரு தமிழ் ஆள் கிடையாது. டிவியில் சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் தானும் சிரித்துப் பழகியிருக்கிறார்.

"முதல் இன்டர்வியூவில மனேஜர் பகிடி விட்டவர். சிரிப்புச் சத்தம் வரேல்ல, நானும் சிரிக்கேல்ல" என்றார்.

"ஐயோ! வேலை கிடைச்சுதா அங்கிள்?"

"ஓம். நல்ல கண்டிப்பான ஆள் எண்டு எடுத்தவங்கள்."

போடாதே என்ற பாட்டு

புவனா அன்ரியின் எழுபதாவது பிறந்தநாள். அவர் கணவர் மெதுவாக என்னிடம் வந்து, "எல்லாம் போடும் தம்பி, அந்தப் பட்டம் விடுற பொப் பாட்டை மட்டும் விட்டுடும்" என்றார். அவர் நகர்ந்ததும் அன்ரி வந்து அதே பாட்டைக் கேட்டார். ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்கு ஒரே குடைச்சல். அன்ரியே சொன்னார். கல்லூரி பொப் குழுவில் பாடியவராம் கணவர். ஒரு மேடையில் அந்தப் பாட்டின் நடுவே தொண்டை அடைத்து, சனம் கூவிக் கேலி செய்ய, ஓடிப்போனவர் அதற்குப் பிறகு பாடவேயில்லை.

விழா அன்ரியுடையது, போட்டேன். மைக்கை அன்ரியே கொண்டுபோய்க் கணவர் கையில் திணித்தார். அங்கிள் பாடத் தொடங்கினார். முதல் அடியில் குரல் உடைந்தது. நிறுத்திவிடுவாரோ என்று நான் பாட்டின் சத்தத்தைக் கூட்டப் பார்த்தேன். அன்ரி வேண்டாமென்று தலையசைத்தார். உடைந்த குரலிலேயே அங்கிள் கடைசி வரி வரை பாடி முடித்தார். மண்டபமே எழுந்து நின்றது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அன்ரி சொன்னார்:

"அண்டைக்கு நீங்கள் ஓடின பிறகும் நான் ஒருத்தி கைதட்டிக்கொண்டுதான் நிண்டனான். திரும்பிப் பாத்தால்தானே!"

எழுபதுகளில் நான் பிறக்கவே இல்லை, ஆனாலும் அந்தக் காலத்தில் விட்டுவந்ததை எடுத்துத் தரச்சொல்லி எல்லாரும் என் போனுக்குத்தான் அடிக்கிறார்கள்.