லாரி வரும் வரை

பச்சைக் கட்டங்கள் அச்சிட்ட கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்த ஒரு குடம். கட்டம் கட்டமாக நிரப்பியதால் ஓரமெல்லாம் படிக்கட்டுபோல் இருக்கும். பட்டன் போனின் சின்னத் திரையில் மட்டும் அது வளைவோடு குடமாகவே தெரிந்தது. வரைந்தவள் என் புராஜெக்ட் கூட்டாளி.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில். ராயபுரம் பக்கம் எங்கள் கல்லூரி. கணிப்பொறி மாணவர்களையும் வடிவமைப்பு மாணவர்களையும் இருவர் இருவராகச் சேர்த்து, போனுக்கு ஓர் அப்ளிகேஷன் செய்யச் சொன்னார் பேராசிரியை. ஒரே நிபந்தனை: நிரல் எழுதுபவர் படத்தைத் தொடக்கூடாது, வரைபவர் நிரலைத் தொடக்கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து பேசித்தான் முடிக்க வேண்டும். என் கூட்டாளியோ வகுப்புக்கே அபூர்வமாகத்தான் வருவாள். எர்ணாவூரில் அவள் தெருவுக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவள் அம்மா பக்கத்துக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட, குடங்களுக்குக் காவல் இவள். வருகைப்பதிவு இன்னும் குறைந்தால் தேர்வு எழுத முடியாது என்று கல்லூரி சொல்லிவிட்டது.

அதனால் நான் பஸ் ஏறி அவள் தெருவுக்குப் போனேன். வரிசையில் வைத்த பிளாஸ்டிக் குடங்களுக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் எங்கள் வகுப்பு நடந்தது. லாரி வந்ததும் தெருவுக்கே தகவல் போகும்படி செய்வது என்று முடிவானது. நான் அதற்கு மெனு, மெனுவுக்குள் மெனு, ‘உறுதியா?’ என்றொரு கேள்வி எல்லாம் எழுதிப்போனேன். அவள் சிரித்துவிட்டாள்.

“இன்னாபா இது? நீ யோசிச்சு முடிக்கிற வரிக்கும் லாரிக்காரன் நிப்பானா? ஒரு கொடம். லாரி வந்தா ரொம்பும், வரலன்னா காலி. அவ்ளோதான்.”

டீக்கடை பாய் எட்டிப் பார்த்தார். “லாரி வந்தா நான் அமுக்கணும், அல்லாருக்கும் மெசேஜ் போவும், அதானே? அமுக்கறேன். ஆனா நைனா, நீ தெனம் வர்றது தண்ணிக்கா, இன்னாத்துக்கு?”

“பாய், பால் பொங்குது பாரு” என்றாள் அவள், கட்டங்களை நிரப்பிக்கொண்டே, தலை நிமிராமல்.

லாரி தாமதமாக வர வேண்டும் என்று அந்தத் தெருவில் விரும்பிய ஒரே ஆள் நான்தான்.

அப்ளிகேஷன் வேலை செய்ததை நாங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருந்தபடி அறிந்தோம். அவள் போன் அதிர்ந்தது. திரையில் குடம் நிரம்பியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் அம்மா போனில் கூப்பிட்டார். தன் போனிலும் குடம் நிரம்பியதைப் பார்த்து, கம்பெனி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த எனக்கே அந்தக் குரல் கேட்டது: “தண்ணி புட்ச்சிட்டேன். நீ பட்ச்சிகினு இரு.”

“வேல செய்துபா!” என்று என் தோளில் அடித்தாள். அதன் பிறகு அவள் ஒரு வகுப்பும் தவறவிடவில்லை. தேர்வும் எழுதினாள். வடிவமைப்பு வகுப்பு மேல்மாடியில், என் வகுப்பு கீழே. படியில் எதிர்ப்பட்டால் தோழிகளோடு பேசியபடியே கையசைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசி முடிக்க எங்களுக்கு வேலை எதுவும் மிச்சமில்லை.

இப்போது சாப்பாடு, வண்டி, தண்ணீர் கேன் எல்லாமே வந்துகொண்டிருப்பதை என் கைப்பேசி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. போன வாரம் திருவொற்றியூரில் ஒரு வாடகைக் காரை அழைத்தேன். இதோ வருகிறது என்று திரையில் நகர்ந்த அதை ரத்து செய்துவிட்டு, பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். எர்ணாவூர் பஸ் எப்போது வரும் என்று அங்கே கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் கேட்டேன்.

“வர்றப்போ வரும். குந்துபா” என்று கூடையை நகர்த்தி இடம் விட்டார்.

உட்கார்ந்தேன்.