தோளுக்கு மேலே எறிந்த சதுரம்

கடல் ஆராய்ச்சி நிலையத்தில் பள்ளிப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் வேலைக்கு ஒருவரும் முன்வரவில்லை. "உனக்குத்தான் வாய் இருக்கு, நீயே பாத்துக்க" என்று இயக்குநர் அதை அங்கே வேலை பார்த்த ஒருத்தியின் தலையில் கட்டினார். அவள் நண்டுகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். நடையிலும் லேசான சாய்வு உண்டு. பிள்ளைகள் சும்மா விடுவார்களா? முதல் வாரத்திலேயே நண்டு மிஸ் ஆகிவிட்டாள். பல்கலைக்கழகம்கூட இவ்வளவு சீக்கிரம் பட்டம் கொடுக்கவில்லை என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வாள்.

சனிக்கிழமை தோறும், கடல் இறங்கும் நேரம் பார்த்துப் பாறைக்கரைக்குப் போவார்கள். கையில் பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரம் ஒன்று. பாறைக்கு முதுகைக் காட்டி நின்று, திரும்பிப் பார்க்காமல் அதைத் தோளுக்கு மேலே எறிய வேண்டும். விழுந்த இடத்தில் சதுரத்துக்குள் இருக்கும் சிப்பி, நத்தை, நண்டு எல்லாவற்றையும் எண்ண வேண்டும். பார்த்து வைத்தால் மனசு நல்ல இடமாகத்தான் தேடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. வீட்டில் கூப்பிட்டால் காது கேட்காத பிள்ளைகள் இங்கே ஒரு நத்தை நகர்வதைப் பார்க்க முழங்கால் நனைய மண்டியிட்டுக் கிடந்தார்கள்.

அந்தப் பாறையை ஒரு காலத்தில் சிப்பி எடுப்பவர்கள் வழித்துத் துடைத்திருந்தார்கள். துறைமுக அலுவலகம் சிப்பி எடுக்கத் தடை போட்டது. அதன்பிறகு பிள்ளைகள் எண்ணிய சிப்பிக் கணக்கு வருடா வருடம் ஏறிக்கொண்டே வந்தது. இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தடையை நீக்கலாமா என்று முடிவெடுக்கும் கூட்டம் நெருங்கியது. இந்தக் கணக்கை வைத்துத்தான் நீக்கப் போகிறார்கள் என்பதும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எறிந்தாள். சதுரம் மொட்டைப் பாறையில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். குழுவிலேயே துடுக்கானவள், பதினொன்றாம் வகுப்பு, பட்டப்பெயர் ராக்கெட். அவள் புதியவளின் பக்கத்தில் போய்ச் சொல்லிக்கொடுத்தாள்.

"மணிக்கட்ட இப்படித் திருப்பி எறி. நேரா அந்தக் குட்டைகிட்ட போய் விழும். அங்கதான் எல்லாம் இருக்கு. ஒரு மாசத்துல கை பழகிடும்."

நண்டு மிஸ்ஸுக்கு அப்போதுதான் புரிந்தது. தடை வந்த நாளாக எறிந்து எறிந்து, பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே குறி பார்க்கக் கற்றிருக்கிறார்கள். பெருகியது சிப்பி இல்லை, கைத்திறமை. இதை நம்பித் தடையை எடுத்தால் பாறை மறுபடி மொட்டையாகிவிடும்.

இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் மேசையிலிருந்த வரைபடத்தை விட்டு நிமிரவே இல்லை.

"வெளிய சொன்னா, சின்னப் பசங்கள வெச்சு எண்ணின லட்சணம் இதுதானான்னு கேப்பாங்க. அப்புறம் சனிக்கிழமையும் கிடையாது, உன் குழுவும் கிடையாது. யோசிச்சுக்க."

வீட்டில் அவள் கணவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். சப்பாத்திக்கு மாவு பிசைந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"லெவல் பாக்காம ஒட்டினா பிச்சுத்தான் ஆகணும். வேற வழி இருந்தா எனக்கும் சொல்லு, புண்ணியமா போகும்."

"பிச்சா குழுவே போயிடும்ங்க."

"பிக்கலைன்னா?"

அவள் கைபேசியை எடுத்துப் பிள்ளைகளின் எண்களைத் தேடினாள்.

மறுநாளே பிள்ளைகளை வரச்சொல்லி, ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ராக்கெட்டின் முகம் சிவந்தது.

"நாங்க ஏமாத்தல மிஸ்."

"தெரியும்மா. ஆசையில எறிஞ்சீங்க. நானும் கவனிக்காம விட்டேன். இப்ப பாறை போயிடும்."

ராக்கெட் காலால் மணலில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்தாள். பிறகு, "அப்போ எறியவே வேணாம். கயிறு கட்டிக் கட்டமா பிரிச்சு, எந்தக் கட்டத்த எண்றதுன்னு சீட்டுக் குலுக்கிப் போடலாம்" என்றாள்.

அப்படியே செய்தார்கள். சீட்டுக்கு நல்ல இடமும் தெரியாது, கெட்ட இடமும் தெரியாது. கட்டம் கட்டமாக வெறும் பாறையை உற்றுப் பார்த்து "ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளுக்கு அலுத்துப்போனது. ஒருத்தன் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினான். ஆனாலும் ஒருவரும் பாதியில் கிளம்பவில்லை. கூட்டிப் பார்த்தபோது பழைய கணக்கில் பாதிகூடத் தேறவில்லை.

கூட்டம் துறைமுக அலுவலகத்தின் மேல்மாடியில் நடந்தது. மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்வரிசையில் சிப்பி வியாபாரிகள். நண்டு மிஸ் தானே பேசிப் பழியை ஏற்பதாக இருந்தாள். அவள் எழுந்திருப்பதற்குள் ராக்கெட் எழுந்துவிட்டாள். எறிந்ததையும், கை பழகியதையும், மறுபடி எண்ணியதையும் மூச்சு விடாமல் சொன்னாள். பின்வரிசையில் இயக்குநர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

துறைமுக அதிகாரி கேட்டார்: "இத்தனை வருஷமா தப்பா எண்ணியிருக்கீங்க. இப்ப மட்டும் சரின்னா, நாங்க எப்படி நம்பறது?"

நண்டு மிஸ் பதில் சொல்ல எழுந்தாள். ராக்கெட் அவளை முந்திக்கொண்டாள்.

"தப்புன்னு உங்களுக்கு வேற யாரும் வந்து சொன்னாங்களா சார்? நாங்கதானே சொன்னோம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். தடை தொடரட்டும் என்றார். அடுத்த வருடக் கணக்கையும் இதே பிள்ளைகளே எடுக்கட்டும் என்றார். வியாபாரிகள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

படியிறங்கும்போது இயக்குநர் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பொண்ணு படிச்சு முடிச்சதும் நம்ம நிலையத்துக்கு அனுப்பி வை."

"நான் எதுக்கு சார் அனுப்பணும்?" என்றாள் நண்டு மிஸ். "அவளே வருவா. உங்க கணக்கையும் சேத்துச் சரி பாப்பா."