நான் குறைத்த அரை மார்க்

இன்று தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டரில் மெயிலைத் திறந்தேன். என் நிரலை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். 'விடை தவறு' என்று ஒரே வரி.

சமன்பாடுகளைத் தீர்க்கும் ஓர் இலவச மென்பொருளுக்காக எழுதிய நிரல் அது. அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். வர்க்கமூலம் வந்தால் அது திணறும். அதைச் சரிசெய்ய ஆறு மாத ஞாயிறுகளைக் கொடுத்திருக்கிறேன். நாளைக்குள் முடியாவிட்டால் இந்த வேலை வேறு ஒருவரிடம் போய்விடும்.

சென்டரை நடத்தும் ஷாஹீன் எட்டிப் பார்த்தார். போன வருடம் என்னிடம் டியூஷன் படித்து, முப்பத்திரண்டு வயதில் பிளஸ் டூ தேறியவர்.

"இன்னா சார், மூஞ்சி செத்துப் போயி கீது?"

திரையைக் காட்டினேன். x + 2-இன் வர்க்கமூலம் x-க்குச் சமம். இரு பக்கமும் வர்க்கப்படுத்தினால் 2, −1 என்று இரண்டு விடைகள். என் நிரல் இரண்டையும் தருகிறது.

ஷாஹீன் மேசையில் விரலால் போட்டுப் பார்த்தார்.

"மைனஸ் ஒண்ண திருப்பிப் போட்டுப் பாத்தியா சார்? இந்தாண்ட ஒண்ணு வருது, அந்தாண்ட மைனஸ் ஒண்ணு கீது. இதுக்குத்தான எனக்கு அரை மார்க் கொறச்ச?"

பதினொரு வருடமாக ஒவ்வொரு நோட்டிலும் சிவப்பு மையில் 'விடையைச் சரிபார்' என்று எழுதுகிறவன் நான். என் நிரலில் அந்த வரி இல்லை.

சேர்த்து அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெயிலைத் திறந்து பார்க்கிறேன்.

என்னிடம் அரை மார்க் இழந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் எதையும் மறுக்கும் நிலையில் இல்லை.