கோயில் இல்லாத சாமிக்குப் பொங்கல் எங்கே வைப்பது

நைஜீரியாவிலிருந்து லீவுக்கு வந்திருந்த அந்த இரண்டு மாதமும், அந்த ஊர்ச் சாமிகளைப் பற்றி ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்று என்னை நானே திட்டிக்கொள்ளாத நாள் கிடையாது. ஒரம்பரை என்று சொந்தக்காரர்கள் வருவார்கள், காப்பி குடிப்பார்கள், "அங்க என்ன சாமிங்க கும்புடுவாங்க?" என்று ஆரம்பிப்பார்கள். நான் டீச்சர். யாராவது கேள்வி கேட்டுவிட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அது என் வியாதி.

எழுபதுகளின் கடைசி அது. நானும் என் வீட்டுக்காரரும் கிழக்கு நைஜீரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவர் கணக்கு, நான் வேதியியல். அந்தப் பக்கம் முழுக்க இக்போ ஜனங்கள். எங்கள் பள்ளியில் சரித்திரம் நடத்திய இக்போ டீச்சர் ஒருத்தி எனக்கு நெருங்கிய சிநேகிதி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். ஆனால் அவளுடைய அம்மா பழைய வழியை விடாதவள். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற நேரத்தில் அவள் தன் அம்மா ஊர்ச் சாமிகளைப் பற்றிச் சொல்வாள், நான் எங்கள் ஊர்ச் சாமிகளைப் பற்றிச் சொல்வேன். பேப்பர் அப்படியே கிடக்கும்.

எல்லாவற்றையும் படைத்தவர் சுக்வு என்பாள். அவருக்கு மேல் ஒருவரும் இல்லை. ஆனால் அவள் அம்மா ஊரில் அவருக்குக் கோயில் கிடையாது, சிலை கிடையாது, பூசாரியும் கிடையாது. தலைவலிக்கும் மாட்டுக்காய்ச்சலுக்கும் அவரைப் போய்த் தொந்தரவு செய்ய மாட்டார்களாம். அதற்கெல்லாம் கீழே நிறைய சாமிகள். பூமியே ஒரு பெண் சாமி, ஆலா என்று பெயர். அவள் மண்ணில் கொலை, களவு செய்தால் விடமாட்டாள். இடிக்கு அமாடியோஹா. வள்ளிக்கிழங்குக்குக்கூட ஒரு சாமி. இவர்களுக்குத்தான் பலி, பூசாரி, குறி எல்லாம்.

இதை நான் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இருக்கிற எங்கள் மாமியார் ஊட்டில் சொன்னதுதான் தாமதம்.

"கோயலே இல்லாத சாமியா?" என்றார் என் மாமியாரான அத்தை. கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "அப்பறம் அதுக்குப் பொங்கல் எங்க புள்ள வெப்பாங்க?"

"வைக்க மாட்டாங்க அத்தை."

"நோம்பி, திருவிழா?"

"அதுவும் இல்லீங்க."

"அட கெரகமே! பொங்கலும் இல்ல, நோம்பியும் இல்ல, அதென்ன சாமி?" அத்தைக்கு அந்தச் சாமியை நினைத்தால் பாவமாக இருந்தது. நாலு நாள் கழித்துப் பக்கத்துத் தோட்டத்தில் யாரிடமோ, "அங்க பெரிய சாமியப் பட்டினி போடறாங்களாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மற்ற சாமிகளின் கதி அதைவிட மோசம். எதைச் சொன்னாலும், "அட, அது நம்ம சாமிதானுங்க" என்று தூக்கி மடியில் கட்டிக்கொள்வார்கள். ஆலா பூமாதேவி ஆகிவிட்டாள். அமாடியோஹா இந்திரன் ஆகிவிட்டார். குலதெய்வக் கோயில் பூசாரி ஒரு நாள் மோருக்கு வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வள்ளிக்கெழங்கு சாமின்னா முருகனாத்தான் இருக்கோணும் டீச்சரம்மா, வள்ளி இருக்கறாளே" என்று முடித்து வைத்தார். இருபத்தைந்து மார்க் கேள்விக்கு இப்படி ஒரு பதில் எழுதினால் நான் அரை மார்க் போடமாட்டேன்.

அதுகூடப் பரவாயில்லை. ஒன்றே ஒன்றில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. ச்சி என்று ஒன்று உண்டு என்று சிநேகிதி சொல்லியிருந்தாள். ஒவ்வொரு ஆளும் பிறக்கும்போது சுக்வு கொடுத்து அனுப்புகிற சொந்தச் சாமி. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. பங்காளிகளுக்கெல்லாம் சேர்த்து ஒன்று என்பது கிடையாது. பெண்ணுக்கும் தனியாக உண்டு. கல்யாணமாகிப் போனால் அவளோடு அதுவும் போகும். சிநேகிதியின் அம்மா தன்னுடையதைப் புருஷன் ஊட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாக ஒரு இடம் வைத்துக் கும்பிட்டாளாம்.

"அதாங் கொலதெய்வம்" என்றார் அத்தை.

"இல்லீங்க அத்தை. குலதெய்வம் குலத்துக்கு. இது ஒரு ஆளுக்கு. என்னோடது எனக்கு மட்டும்."

"கல்யாணம் ஆயிப்போட்டா பொம்பளைக்குப் புருசனோட கொலதெய்வந்தான் சாமி. உனக்குன்னு தனியா என்ன கெடக்குது?"

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. காரணம் இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம், எங்களுக்குக் குழந்தை இல்லை. கடல் கடந்து போய்க் குலதெய்வத்தை மறந்ததால் வந்த குறை என்று அத்தை முடிவு கட்டியிருந்தார். நாங்கள் கடல் கடந்ததே ஐந்தாவது வருஷத்தில்தான், அதற்கு முன்னால் நாலு வருஷம் இங்கேதானே இருந்தோம் என்று நான் கணக்குச் சொன்னால் காதில் வாங்க மாட்டார். அவருடைய தம்பிக்கு ஒரு பெண் இருந்தாள், எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். அவளை என் வீட்டுக்காரருக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியாமல் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் நானே கேட்டேன். அத்தை மறைக்கவில்லை. "உன்னைய ஆரு புள்ள போகச் சொன்னா? நீயும் இரு, அவளும் இருக்கட்டும். நம்ம கொலதெய்வம் அம்மங்கிட்டப் பூப் போட்டுக் கேக்கலாம். அவ என்ன சொல்றாளோ அதுதான்."

சட்டம் ஒத்துக்கொள்ளாது என்றேன். சட்டத்துக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள் என்றார். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ரேடியோவில் பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். பழைய பாட்டரியைக் கழற்றி, துடைத்து, மறுபடி அதையே போட்டார்.

தனியாகக் கேட்டபோது, "அம்மாவுக்கு ஒரு திருப்தி, கேட்டுட்டுப் போவட்டுமே" என்றார்.

"உங்களுக்கு என்னங்க வேணும்?"

"எனக்கென்ன, அம்மன் உட்ட வழி."

நாலு வருஷம் என்னோடு அந்த ஊரில் இருந்தவர். சிநேகிதி சொன்னதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர். அவள் அம்மா ஊரில் ஒரு சின்னச் சாமி இருந்ததாம். முதலில் சேவல் கேட்டது, பிறகு ஆடு, பிறகு மாடு. ஊரார் கூடிப் பேசி, இனிமேல் உனக்குச் சோறு கிடையாது என்று தூக்கிக்கொண்டு போய்க் காட்டு ஓரத்தில் விட்டுவிட்டு வந்தார்களாம். சாமி மீறினால் மனுஷன்தான் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று அவள் சொன்னபோது, "கரெக்ட், கரெக்ட்" என்று பலமாகத் தலையாட்டியவர் இந்த மனுஷன்தான். அங்கே ஆட்டுகிற தலை இங்கே வந்தால் கழுத்தில் நட்டுவைத்த மாதிரி நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை காலை குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். சோளக்காட்டு நடுவில், வேப்பமரத்தடியில் கோயில். அத்தை, அவர் தம்பி, பூசாரி, நாங்கள் இரண்டு பேர். பூசாரி ஒரு இலையில் செவ்வரளி, ஒரு இலையில் வெள்ளை நந்தியாவட்டை மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் உருட்டிவிட்டார். சிவப்பு வந்தால் இரண்டாங்கல்யாணத்துக்கு உத்தரவு. வெள்ளை வந்தால் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

வெள்ளை.

என் உயிர் திரும்பி வந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. "நீங்க கேட்டதே செரியில்லீங்க பூசாரி" என்றார் அத்தை. "வாரிசு வேணுமான்னு கேக்காம கல்யாணம் பண்ணலாமான்னு கேட்டா அவ என்ன பண்ணுவா? மறுக்கா கேளுங்க."

மறுக்காவும் மடித்தார், உருட்டினார், எடுத்தார். சிவப்பு. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூசாரிக்கே சங்கடம். "ஒண்ணுக்கு ஒண்ணு ஆயிப்போச்சு. மூணாவதா வர்றதுதான் முடிவுங்க" என்று சொல்லி மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது. அம்மன் மேல் எனக்குக் கோபமே இல்லை. பாவம், அவளும் என்னைப் போல ஒரு பொம்பளை, கேட்டதையே கேட்டு அவளையும் பாடாய்ப் படுத்துகிறார்கள். எல்லாம் படைத்த பெரியவர் ஒருவர் மேலே இருந்தால், அவர் ஏன் கோயில் வேண்டாம், பூசாரி வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கிறார் என்பது அன்றைக்கு எனக்கு நன்றாகப் புரிந்தது. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மனுஷன் மேல்தான் கோபம். மூன்று பொட்டலத்தில் என் வாழ்க்கையை உருட்டுகிறார்கள், வேடிக்கை பார்க்கிறார்.

பூசாரி மூன்றாம் தடவையாக ஒரு பொட்டலத்தை எடுத்து நூலைப் பிரிக்கப் போனார். நான் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

"டீச்சரம்மா, அது சாமி சொத்துங்க!"

"ஒரு நிமிஷம் இருங்க." என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "இது செவப்போ வெள்ளையோ எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பிரிக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வேணும்னாலும் சொல்லுங்க, வேண்டாம்னாலும் சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க."

அவர் அத்தையைப் பார்த்தார். பெண்ணைப் பெற்ற மாமனைப் பார்த்தார். அம்மனைக்கூடப் பார்த்தார். கடைசியாக என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"பிரிச்சுத்தான் பாரேன் அம்மிணி" என்றார்.

பொட்டலத்தைத் தட்டில் வைத்தேன். செருப்பைக்கூடத் தேடாமல் சோளக்காட்டு வழியே நடந்தேன். பின்னால் அத்தை என்னவோ கத்தினார். மெயின் ரோட்டில் சேலம் பஸ் வந்தது. சேலத்தில் இறங்கி, வாழப்பாடி பஸ் பிடித்து, எங்கள் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வெறுங்காலோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். உனக்குன்னு தனியா என்ன கெடக்குது என்று கேட்டாரே அத்தை, அவருக்கு வழி நெடுக மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நாலு நாள் கழித்து என் வீட்டுக்காரர் வந்தார். கையில் இரண்டு முழம் மல்லிகை, ஒரு பை நிறையத் திராட்சை. முகமெல்லாம் சிரிப்பு, பரீட்சையில் பாஸான பையனைப் போல.

"நீ போனதுக்கப்பறம் பிரிச்சுப் பாத்தமுங்க" என்று என் அப்பாவுக்கும் சேர்த்துச் சொன்னார். "வெள்ளை! அம்மன் இவ பக்கந்தான் பேசியிருக்கறா. அம்மாகூட ஒண்ணும் சொல்லலீங்க. கெளம்பு அம்மிணி, போலாம்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் பூவைக் கை நீட்டி வாங்கவில்லை.

"அம்மன் பேசிட்டா, சரிங்க. அப்ப அம்மனையே கூட்டிக்கிட்டு நைஜீரியாவுக்குப் போங்க. அவளே உங்களுக்குச் சோறாக்கிப் போடட்டும். நான் கேட்டது உங்களைத்தானுங்க. நீங்க இன்னும் பேசவே இல்லையே."

அவர் மல்லிகையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். பிறகு என் அப்பா பக்கம் திரும்பி, சேலத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.