உள்ளே தாழ்ப்பாள் உண்டா?

எங்க அக்காவுக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா, "அடுத்தவங்க கோபத்தை வெட்டுற வேலை"ன்னுதான் நான் சொல்லுவேன். அவளுக்கு அது பிடிக்காது. "சட்டமன்றத்துல கேள்விப் பிரிவு"ன்னு உடனே திருத்துவா. ரெண்டும் ஒண்ணுதான்.

எம்.எல்.ஏ.ங்க சபையில அமைச்சர்களைக் கேள்வி கேக்கறாங்கல்ல, அது திடுதிப்புன்னு எழுந்து கேக்கறதில்லை. முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும். அந்தக் காகிதம் முதல்ல அக்கா மேஜைக்குத்தான் வரும். கேள்வியில வசவு கூடாது, கிண்டல் கூடாது, வாதம் கூடாது. "வெட்கக்கேடான", "படுமோசமான" மாதிரி வார்த்தைக்கெல்லாம் அங்க இடமே இல்லை. அக்கா ஸ்கேலை வெச்சு, பென்சிலால, கோடு கோணாம அடிச்சுக்கிட்டே வருவா. அடிக்கறதுக்கு மட்டும்தான் அவளுக்கு அதிகாரம், சொந்தமா ஒரு எழுத்துகூட சேர்க்கக் கூடாது. அடிச்சது போக மிச்சத்துல ஒரு கேள்வி இருந்தா, உறுப்பினர் அதுல கையெழுத்துப் போட்டுத் தரணும், அப்புறம் அமைச்சருக்குப் போகும். இல்லைன்னா குப்பைக்கு. பத்தொன்பது வருஷமா இதைத்தான் பண்றா, மகராசி.

ஆபீஸ்ல பண்றதோட விட்டா பரவாயில்லையே. அவ பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு "நான் சென்ற சுற்றுலா"ன்னு ரெண்டு பக்கம் கட்டுரை எழுதினா. அக்கா கைக்குப் போயிட்டுத் திரும்பி வந்தப்போ, "சுற்றுலா சென்றோம். மழை பெய்தது"ன்னு மட்டும் இருந்துச்சு. மாமா பாவம், ஒரு நாள் ஆசையா, "இன்னிக்கு இந்தப் புடவையில தேவதை மாதிரி இருக்கே"ன்னார். "புடவை கட்டியிருக்கேன். சரி"ன்னுட்டுப் போயிட்டா.

நான் அப்படியே நேரெதிர். வாயைத் திறந்தா மூட மாட்டேன், கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. அரசு தாய்சேய் ஆஸ்பத்திரியில பிரசவ வார்டு நர்ஸ் நான். அங்க வாய் இல்லாம காலம் தள்ள முடியாதுங்க.

எங்க லேபர் ரூமுக்குக் கதவு கிடையாது. நம்ப மாட்டீங்க, ஆனா சத்தியமா கிடையாது. நான் வேலைக்குச் சேர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி கதவுல கரையான் பிடிச்சிருக்குன்னு கழட்டிக்கிட்டுப் போனாங்களாம். போனது போனதுதான், பதிமூணு வருஷம் ஆச்சு. ஒரு பச்சைத் திரை தொங்கும். ஃபேன் போட்டா திரை பறக்கும், ஃபேனை நிறுத்தினா உள்ள இருக்கறவளுக்கு வேர்த்துக் கொட்டும். போதாக்குறைக்கு அதே வளாகத்துல இருக்கற கண் பிரிவுக்குப் போறவங்க எல்லாரும் எங்க வராந்தாவுக்குத்தான் வழி தவறி வருவாங்க. தினம் நாலு பேராவது திரையைத் தூக்கித் தலையை நீட்டாம இருக்க மாட்டாங்க.

அக்காவுக்குப் பொண்ணு பொறந்ததும் அதே ரூம்லதான், பதினோரு வருஷம் முன்னாடி. நான்தான் பக்கத்துல நின்னேன். சரியா குழந்தை தலை தெரியற நேரம், ஒரு ஆள் திரையை விலக்கிக்கிட்டு, கையில சீட்டை நீட்டி, "கண் டாக்டர் இங்கதானா?"ன்னான். நான் விட்ட சத்தத்துல அந்த ஆளுக்குக் கண்ணு தானா சரியாயிருக்கும். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எங்க குடும்பமே வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கு. அக்கா மட்டும் சிரிச்சதே இல்லை. யாராவது ஆரம்பிச்சா எழுந்து உள்ள போயிடுவா.

போன வருஷம் ஒரு சின்னப் பொண்ணு வந்தா, தலைப்பிரசவம். வலி தாங்க முடியாம துடிக்கறா, ஆனா சத்தமே வரலை. பார்த்தா, துப்பட்டாவைச் சுருட்டி வாயில அடைச்சுக்கிட்டிருக்கா. ஏம்மான்னு கேட்டா, "வெளிய மாமனார் நிக்கறாருக்கா"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம், அழுகையும் கூடவே வந்துச்சு. பிள்ளை பெத்துக்கறப்போகூட கத்த உரிமை இல்லைன்னா அது என்னங்க பொழப்பு? எப்பாடு பட்டாவது இந்த ரூமுக்கு ஒரு கதவு வாங்கிட்டுத்தான் மறுவேலைன்னு அன்னிக்கே முடிவு பண்ணேன்.

மனு எழுதினேன். ஒண்ணு ரெண்டு இல்லை, ஏழு. ஏழுக்கும் "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒரே பதில். கடைசியில எங்க தொகுதி எம்.எல்.ஏ.கிட்டப் போனேன். அவர் டயர் கடை வெச்சிருந்தவர், முதல் தடவை ஜெயிச்சவர், சபையில இன்னும் வாயே திறக்காதவர். "நீங்க சொல்லுங்க சிஸ்டர், நான் அப்படியே எழுதிக்கறேன்"ன்னார். நான் சொன்னேன். மூணு பக்கம் ஆச்சு. எழுதி முடிச்சுக் கையை உதறிக்கிட்டே, "சிஸ்டர், இதைக் கேட்டா அமைச்சர் அழுதுடுவாரு"ன்னார். எனக்கும் அதே நம்பிக்கைதான்.

காகிதம் அக்கா மேஜைக்குப் போச்சு. முதல் வரியைப் படிச்சதுமே யாரோட வாய்னு கண்டுபிடிச்சுட்டா. நேரா மேலதிகாரிகிட்டப் போய், "சார், இது என் தங்கச்சி வேலை பார்க்கற இடம். நான் தொடக் கூடாது, வேற யார்கிட்டயாவது கொடுங்க"ன்னிருக்கா. அவர் தலையைத் தூக்காமலே, "வேற யாரும்மா இருக்கா? ஒருத்தர் லீவு, ஒருத்தர் ரிட்டயர்டு. எல்லாருக்கும் பண்றதையே இதுக்கும் பண்ணுங்க"ன்னிருக்கார். அக்காவும் அதையே பண்ணா.

நாலு நாள் கழிச்சு டயர் கடை அண்ணன் வார்டுக்கே வந்து காகிதத்தைக் கொடுத்தார். "நாளைக்கு மூணு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுத் தரணுமாம் சிஸ்டர்"னு இழுத்தார். பார்த்தா, மூணு பக்கமும் கோடு. நான் ரத்தக் கண்ணீர் விட்டுச் சொன்னதெல்லாம் வரிசையா, நேர்கோட்டுல, செத்துக் கிடக்கு!

டியூட்டி முடிஞ்சதும் யூனிஃபார்மைக்கூட மாத்தாம அக்கா வீட்டுக்குப் போய் நின்னேன். அவ துணி மடிச்சுக்கிட்டிருந்தா.

"ஏன்க்கா, உனக்கு மனசாட்சி இருக்கா? அந்த ரூம்ல நீ படுத்திருந்தவதானே?"

"ஆபீஸ் விஷயத்தை வீட்டுல பேச மாட்டேன்."

"நீ மனுஷியா, விதிப்புத்தகமா?"

"மிச்சம் இருக்கறதைப் படிச்சியா?"

"என்னத்தை மிச்சம் வெச்சே நீ? எலும்பைத்தானே விட்டு வெச்சிருக்கே!"

"போய்ப் படிடி"ன்னுட்டு அடுத்த துணியை எடுத்தா. மாமா நடுவுல வந்து, "டீயாவது குடிச்சுட்டுப் போயேன்"னார். உங்க டீயும் வேணாம், உங்க உறவும் வேணாம்னு செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன். மூணு வாரம் அவகூடப் பேசலை. அவ போன் பண்ணா கட் பண்ணேன். நானும் அவளுக்குத் தங்கச்சிதானே, எனக்கு மட்டும் பிடிவாதம் இருக்காதா?

ஆனா டயர் கடை அண்ணன் அந்த மிச்சத்தைப் படிச்சிருக்கார். ரெண்டாம் பக்கத்துல நான் சொன்ன ஒரு வாக்கியம் இப்படி இருந்துச்சு: "மூச்சுக்கு முன்னூறு தரம் தாய்மை தாய்மை என்று மேடையில் முழங்கும் இந்த வெட்கங்கெட்ட அரசு நடத்தும் தாய்சேய் மருத்துவமனையின் பிரசவ அறைக்கு, மானமுள்ள ஒரு பெண் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்படி ஒரு கதவு உண்டா, அல்லது கதவையும் தின்று ஏப்பம் விட்டுவிட்டீர்களா?" இதுல முன்னாடி, நடுவுல, பின்னாடின்னு மூணு இடத்துல கோடு. மிச்சம் பத்தே வார்த்தை: "தாய்சேய் மருத்துவமனையின் பிரசவ அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்படி ஒரு கதவு உண்டா?"

மறுநாள் காலையில, "இதுவே போதும்னு தோணுது சிஸ்டர்"னார். "போதாது, பத்து வார்த்தைக்கு எந்த அமைச்சர் பயப்படுவார்?"னு கத்தினேன். மனுஷன் முதல் தடவையா என் பேச்சைக் கேக்காம கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார்.

அப்புறம்தான் வேடிக்கை. கேள்வி சுகாதாரத் துறைக்குப் போயிருக்கு. மூணு பக்கமா இருந்திருந்தா அவங்க நாலு பக்கம் பதில் எழுதியிருப்பாங்க. திட்டம், குழு, எதிர்காலம்னு எதையாவது ரொப்பியிருப்பாங்க. இதுக்கு என்ன எழுதுவாங்க? உண்டு, இல்லைன்னா இல்லை. "இல்லை"ன்னு அமைச்சர் எழுந்து நின்னு சொல்லணும், அத்தனை பேர் முன்னாடி. அந்த ஒத்தை வார்த்தையை அவருக்கு எழுதிக் கொடுக்க அந்த ஆபீஸ்ல ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

சபையில கேள்வி வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி ஒரு இன்ஜினியர் டேப்போட ஓடி வந்து அளந்தார். மறுநாள் சாயந்திரம் தச்சர் கதவைத் தூக்கிக்கிட்டு வந்துட்டார். பதிமூணு வருஷம் வராத கதவு, ஒரே நாள்ல! தேக்கு நிறத்துல பெயின்ட், இன்னும் ஈரம்கூடக் காயலை. மாட்டி முடிச்சுட்டு தச்சர் சாமானைக் கட்டறார், இன்ஜினியர் உள்ள போய்ப் பார்த்துட்டு அலறினார்.

"யோவ், உள்பக்கம் தாழ்ப்பாள் எங்கய்யா?"

"கைப்பிடி வெச்சிருக்கேனே சார். சாத்தினா நிக்கும்."

"நிக்கறது யாருக்கு வேணும்? இங்க பாருய்யா, 'உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்படி'ன்னு கேட்டிருக்காங்க. தாழ்ப்பாள் இல்லைன்னா அமைச்சர் இல்லைன்னுதான்யா சொல்லணும்! ஓடு, கடை மூடறதுக்குள்ள வாங்கிட்டு வா!"

தச்சர் ஓடினார். நான் சுவத்துல சாய்ஞ்சு நின்னுட்டேன். வெறும் "கதவு உண்டா"ன்னு விட்டிருந்தாலும் விதிப்படி அது கேள்விதான். அந்தத் தாழ்ப்பாளையும் சேர்த்து அடிச்சிருக்கலாம், யாரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க. என்னோட மூணு பக்கக் கூச்சல்ல அதை மட்டும் பொறுக்கி எடுத்து விட்டு வெச்சிருக்கா. நான்தான் ஒழுங்கா படிச்சுக்கூடப் பார்க்காம வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சிருக்கேன். எனக்கு வெட்கமா போச்சு.

கேள்வி வர்ற அன்னிக்கு லீவு போட்டுட்டு பார்வையாளர் மாடத்துல போய் உக்காந்தேன். அண்ணன் எழுந்து, "கேள்வி எண் நாலு"ன்னு சொன்னார், குரல் கிணத்துக்குள்ள இருந்து வந்துச்சு. அமைச்சர் தடிமனா ஒரு ஃபைலோட எழுந்து, "ஆம், உண்டு"ன்னுட்டு ஜம்முனு உக்காந்தார். கதவு இருக்கற இடத்துக்கா கதவு கேக்கறேன்னு சபையே சிரிச்சுது. அண்ணன் முகம் சுண்டிப்போச்சு. எனக்கு மாடத்துல இருந்து குதிச்சுடலாமான்னு இருந்துச்சு.

ஆனா பதில் வந்ததுக்கு அப்புறம் துணைக் கேள்வி கேக்கலாம். அதை எழுதிக் கொடுக்க வேண்டாம், அது அக்கா மேஜைக்கே போகாது. அண்ணன் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு கடையில கேக்கற மாதிரியே கேட்டார்: "எப்போ மாட்டினீங்க?"

அமைச்சர் ஃபைலைப் புரட்டினார். பின்னாடி இருந்து அதிகாரி ஒருத்தர் துண்டுச் சீட்டு அனுப்பினார். அதை வாங்கி அப்படியே படிச்சுட்டார், "முந்தாநாள் மாலை ஐந்தே முக்கால் மணிக்கு." இப்போ சிரிச்சாங்க பாருங்க, ரெண்டு பக்கமும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. அமைச்சருக்கே சிரிப்பை அடக்க முடியலை.

"அதுக்கு முன்னாடி எத்தனை வருஷமா இல்லை?"ன்னார் அண்ணன்.

"பதிமூன்று." சிரிப்பு பட்டுனு நின்னுபோச்சு.

"மத்த ஆஸ்பத்திரியில எல்லாம் இருக்கா?"

அமைச்சர் ஃபைலை மூடி வெச்சுட்டார். "எனக்குத் தெரியாது. ஒரு மாதத்தில் எல்லா ஊரிலும் பார்த்து, இதே சபையில் சொல்கிறேன்"ன்னார். அமைச்சர் ஒருத்தர் தெரியாதுன்னு சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த மனுஷன் மேல எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்துடுச்சு.

அன்னிக்கு சாயந்திரம் அக்காவுக்கு நானே போன் போட்டேன். மன்னிப்புன்னு ஆரம்பிச்சு நான் பேசிக்கிட்டே போக, "சுருக்கமா சொல்லு"ன்னா. "வந்து பாரு"ன்னேன்.

அடுத்த வாரம் அரை நாள் லீவு போட்டுட்டு வந்தா. நல்ல வேளை, அப்போ லேபர் ரூம் காலியா இருந்துச்சு. கதவைத் தடவிப் பார்த்தா. உள்ள போனா, சாத்தினா. தாழ்ப்பாள் விழற சத்தம் கேட்டுச்சு. ஒரு நிமிஷம் ஆச்சு, ரெண்டு நிமிஷம் ஆச்சு, அவ வெளிய வரலை. அழறாளோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு. தட்டலாமான்னு கையைத் தூக்கினேன், தட்ட மனசு வரலை.

அப்போ வராந்தாவுல ஒரு பெரியவர் கையில சீட்டோட வந்தார். என்னைக் கண்டுக்கவே இல்லை, நேரா போய்க் கதவைத் தள்ளினார். திறக்கலை. மறுபடியும் தள்ளினார். அப்புறம் கதவுகிட்ட வாயை வெச்சு, "ஏம்மா, கண் டாக்டர் இங்கதானா?"ன்னார்.

உள்ள எங்க அக்கா சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பொறந்ததுல இருந்து கேட்டதில்லை, மூச்சு வாங்கி, இருமி, கட்டிலைத் தட்டிச் சிரிக்கறா.

"அடுத்த கட்டடம்யா!"ன்னு உள்ள இருந்தே கத்தினா. "படுமோசமான, வெட்கக்கேடான, ஏழெட்டுப் படி ஏறிப் போகவேண்டிய அடுத்த கட்டடம்!"

தாழ்ப்பாளை மட்டும் எடுக்கவே இல்லை.