மணிக்கொரு மிஸ்டு கால்

கோளாறு வராமல் பார்ப்பதல்ல எங்கள் வேலை. வந்த கோளாறு ஊருக்குத் தெரியாமல் பார்ப்பது. தேனியில் ஒரு தொலைபேசி நிலையத்தில், கம்பம் பக்கம் போகும் கேபிள்களைக் கண்காணிக்கும் அறையில் வேலை பார்த்தேன். கைப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடும் அம்மாக்களே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

சுற்று வழி

கம்பத்துக்கு இரண்டு கேபிள். ஒன்று சின்னமனூர் வழியாக நேரே போகும். மற்றது போடி, தேவாரம் என்று மலையடிவாரத்தைச் சுற்றிப் போகும். இரண்டு முனையிலும் உள்ள மெஷின்கள் ‘இருக்கேன், இருக்கேன்’ என்று ஓயாமல் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். சேதி நின்றால் வழி அறுந்தது என்று அர்த்தம். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாப் பேச்சும் சுற்று வழிக்கு மாறிவிடும். பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் அறையில் மட்டும் சிவப்பு விளக்கு எரியும், மணி அலறும்.

நான் சேர்ந்த புதிதிலேயே, ரோட்டை அகலப்படுத்த வந்த ஜேசிபி சின்னமனூர்க் கேபிளை வாரிவிட்டது. சீனியர் டெக்னீஷியன் பொம்முராஜ் அண்ணனிடம் பதறிக்கொண்டு ஓடினேன். அவர் நிதானமாக எழுந்து மணியை நிறுத்தினார். டீயை ஒரு வாய் உறிஞ்சினார். “யாராச்சும் கம்ப்ளெயிண்ட் குடுத்தாகளா? இல்லேல்ல? அப்ப அது அத்துப்போகலன்னு வச்சுக்கத்தா.”

வீட்டு மெஷின்

எங்கள் வீடு கம்பத்தில். என் வீட்டுக்காரர் குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறார். மலை ஏறிவிட்டால் போன் கிடைக்காது. மகனுக்கு ஒன்றரை வயது. காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும். ஒரு தடவை என் மடியிலேயே கண் செருகி, உதடு நீலமாகி... வேண்டாம், எழுத வரவில்லை. பகலில் அவனைப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார் ஈஸ்வரி மதினி.

ஆபீசில் படித்ததை வீட்டில் செய்து பார்த்தேன். மணிக்கொரு தடவை மதினி எனக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். வந்தால் பையன் நன்றாக இருக்கிறான். மதினி டிவி சீரியல் பார்க்கும் நேரத்தில் கொஞ்சம் பிந்தினாலும் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். கான்வென்ட்டில் படித்த வாய், ‘அருள் நிறைந்த மரியே’ என்று தானாகவே முணுமுணுக்கும். மதினிக்கோ இது தினமும் கேலி. “ஏத்தா, நான் பிள்ளையப் பாக்கவா, ஒனக்கு மணியடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கவா?”

இரண்டும் போன நாள்

சுற்று வழி ஒழுங்காக ஓடியதால், சின்னமனூர்க் கேபிளை ஒட்ட யாருக்கும் அவசரமில்லை. அப்புறம் மழை வந்தது. தேவாரத்துக்கு அங்கிட்டு ஓடைப்பாலம் இடிந்து, இரண்டாவதும் போனது. வீட்டு போன், செல்போன் டவர் எல்லாமே இந்த இரண்டை நம்பித்தான். கம்பம் மொத்தமும் ஊமை.

மிஸ்டு கால் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கம்பத்துக்காரர்களிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும், கேபிள் மட்டும்தானா என்று ஒரு கேள்வி. அதற்கு எந்த விளக்கும் பதில் சொல்லாது. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன். வீட்டு வாசலில் பையன் அப்பளத்தை நொறுக்கித் தலையில் தூவிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் படியிலேயே மயங்கி விழுந்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே மதினி வைதாள். “கம்பி அத்ததுக்குப் போயி உசுரக் கையில பிடிச்சிக்கிட்டு ஓடியாந்திருக்கா பாரு! இனிமே ஒனக்கு எதையும் சொல்லக் கூடாதுத்தா.”

தவறாமல் வந்த நாள்

இரண்டு கேபிளையும் ஒட்டிவிட்டார்கள். ஒருநாள் மிஸ்டு கால் மணி அடித்தாற்போல வந்தது. சீரியல் நேரத்தில்கூடப் பிந்தவில்லை. மதினி திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக மதியச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டேன். பொம்முராஜ் அண்ணன்கூட, என்னத்தா இன்னைக்கு முகம் தெளிவா இருக்கு என்றார்.

சாயங்காலம் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் துணி தைக்கும் முத்துலட்சுமி அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மதினியின் செல்போன். என்னைப் பார்த்ததும் மிதியை நிறுத்தினாள். “பிள்ளைக்குக் காலையிலயே வலிப்பு வந்திருச்சு. ஒங்க மதினி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாக. ‘இவ கேட்டா அங்கனயே விழுந்துருவா, மணிக்கொருக்க இத அமுக்கிரு’ன்னு போனக் குடுத்துட்டுப் போனாக. நான் ஒரு தடவகூடத் தப்பவிடலத்தா!”

பிழைத்துக்கொண்டான், இப்போது தூங்குகிற அவன் நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் இதை எழுதுகிறேன், இந்த டியூட்டிக்கு மட்டும் சுற்று வழி எதுவும் இன்னும் போடவில்லை.