இருபத்துநாலு தப்படி

தாமரைச்செல்வியின் ஒரு தப்படி மூன்று அடி. கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. பழங்காநத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாலு வருஷமாக விளையாட்டு டீச்சர். ஆண்டு விழா வந்தால் சுண்ணாம்புத் தூள் வாளியோடு மைதானத்தில் இறங்குவாள். காலால் அளந்தே ஓடுதளத்துக்குக் கோடு போட்டுவிடுவாள். ஹெட்மாஸ்டர் சந்தேகப்பட்டு நாடாவை இழுத்துப் பார்த்தால் நூறு மீட்டருக்கு ஒரு சாண் கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான். "டீச்சர் கால்ல ஸ்கேல் கட்டிருக்காங்கடி" என்று பிள்ளைகள் சொல்லும்.

இரண்டாயிரத்து மூன்று, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பரவை மார்க்கெட்டின் லாரிகளைத் தாண்டிப் போனாள். வீட்டில், பக்கத்துப் பள்ளியில் மீட்டிங் என்று சொல்லியிருந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் புருஷனிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அது.

புருஷன் அழகுபாண்டி ராணுவத்தில் குதிரை ஓட்டியவன். அணிவகுப்புக் குதிரை இல்லை, போட்டிக் குதிரை. ஈவெண்டிங் என்பார்கள். முதல் நாள் குதிரையை அடக்கமாக நடத்திக் காட்டவேண்டும். மறுநாள் மேடு, பள்ளம், ஓடை, மரத்தடுப்பு என்று காட்டுவெளியில் பாயவேண்டும். மூன்றாம் நாள் மைதானத்தில் தடைகளைத் தாண்டவேண்டும். தொண்ணூற்று நாலில், வடக்கே ஒரு போட்டியின் இரண்டாம் நாள், பிஜிலி என்ற குதிரை இரண்டாவது மரத்தடுப்பில் நெஞ்சை மோதிக் குப்புறக் கவிழ்ந்தது. அதன் முன்னங்கால் முறிந்தது. அங்கேயே ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். அழகுபாண்டியின் இடுப்பெலும்பு நொறுங்கியது. விசாரணைக் காகிதத்தில் ஒரே ஒரு வரி: ஓட்டியவர் தூரத்தைத் தவறாகக் கணித்தார். அவனும் "என் தப்புதான் சார்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தான்.

இப்போது ஒரு ஜவுளிக்கடை வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்து டோக்கன் கிழிக்கிறான். ஒன்பது வருஷமாகக் குதிரை என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை. கோயில் திருவிழாவில் சாமி குதிரை வாகனத்தில் வந்தால்கூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேறு தெருவுக்கு நடந்துவிடுவான். சொந்தக்காரர்கள் அவன் காதுபடவே, "மொரட்டுப்பய, வாயில்லாச் சீவனைக் கொன்னுபுட்டு வந்துட்டான்" என்றார்கள். அதற்கும் அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

தாமரைச்செல்வியை அரித்தது அது மட்டுமில்லை. போட்டிக்கு எட்டு நாள் முன்னால்தான் அவளுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. தந்தி பார்த்து ஓடிவந்தவன் மறுநாளே கிளம்பவேண்டும். "இன்னும் ஒரு நாள் இருங்க" என்றாள். இருந்தான். அந்த ஒரு நாளில்தான் எல்லாம் கெட்டதோ என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க ஆளும் இல்லை.

இந்த வருஷம் தைப் பொங்கலுக்கு, அவனோடு வேலை பார்த்த சிவனாண்டி வீட்டுக்கு வந்தான். அழகுபாண்டி கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணி, போட்டிக்கு முந்தின நாள் ஓட்டுறவன் மைதானத்தைக் கால்நடையா நடந்து பாக்கணும். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் எத்தனை தப்படின்னு எண்ணணும். குதிரைக்குக் காட்டவே கூடாது. அண்ணன் ரயில் லேட்டாகி வந்ததால நடக்கல. அவருக்காக நடந்தவரு கோச்சு பாலசுந்தரம் சாரு. சாரு சொன்ன கணக்கை வச்சுத்தான் அண்ணன் ஓட்டுனாரு. விசாரணையில அதைப் பத்தி அண்ணன் வாயே தெறக்கல."

"அந்த சார் இப்ப எங்க இருக்காரு?"

"ஒங்க ஊருலதான். சமயநல்லூர் பக்கம் பணக்காரப் புள்ளைகளுக்குக் குதிரை பழக்குறாரு."

தவறியது அவன் கையா, சார் சொன்ன கணக்கா? அது ஒன்று தெரியவேண்டும். அதற்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கருவேலங்காட்டை வெட்டிச் சமன் செய்த நாலு ஏக்கர். தகரக் கொட்டகையில் மூன்று குதிரைகள். பார்த்துக்கொள்ளும் கருப்பு, கையில் பிரஷ்ஷோடு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"புள்ளைய எங்கம்மா?"

"புள்ளைக்கு இல்லண்ணே. எனக்குத்தான்."

"அது சரி." கருப்பு ஒரு பழுப்புக் குதிரையின் கழுத்தைத் தட்டினார். "இது மேகலா. ரேஸ்ல ஓடிப் பென்ஷன் வாங்குனது. கிட்ட நின்னு அப்பிடி வாயப் பாக்காதீக. அய்யனார் கோயில் மண்குதிரை இல்ல, கடிக்கும்."

பாலசுந்தரம் கொட்டகைக்குள்ளிருந்து வந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் எல்லோரும் ஜவுளியில் இருக்க, இவர் மட்டும் பதினெட்டு வயதில் ராணுவத்துக்கு ஓடினவர். ஐம்பத்தைந்து இருக்கும். இஸ்திரி போட்ட காக்கி அரைக்கை, நிமிர்ந்த முதுகு. இடது கால் மட்டும் கொஞ்சம் பின்தங்கி வந்தது. அது தாமரைச்செல்வியின் கண்ணில் உடனே பட்டது. கால்களைப் பார்ப்பதுதானே அவள் வேலை.

"பேரு?"

"தாமரைச்செல்வி. பி.டி. டீச்சர் சார்."

"எதுக்குக் குதிரை?"

"தெரிஞ்சுக்கணும்னு ஒரு ஆசை."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. "இங்க யாரா இருந்தாலும் முதல் பாடம் தரையிலதான். குதிரைக்குப் போற வழி தெரியாது. உங்களுக்குத் தெரியணும். நீங்க காலால பாத்து வச்சதைத்தான் அது கண்ணால பாக்கும். வாங்க."

மைதானத்தின் நடுவில் இரண்டு தடைகள். முழங்கால் உயரத்துக்குத்தான் கம்பு கட்டியிருந்தது, சின்னப் பிள்ளைகளுக்காக.

"இதுக்கும் அதுக்கும் நடுவுல இருபத்துநாலு தப்படி. நாலு தப்படி ஒரு பாய்ச்சல். தாண்டி இறங்க ரெண்டு, அடுத்ததுக்கு ஏற ரெண்டு, நாலைக் கழிச்சிருங்க. மீதி இருபது. அப்ப எத்தனை பாய்ச்சல்?"

"அஞ்சு."

"ஷாபாஷ். நடந்து பாருங்க."

அவள் நடந்தாள். மைதானத்தில் கோடு போடும் அதே நடை. ஈரம் காயாத மண்ணில் ஷூவின் தடம் வரிசையாக விழுந்தது. அடுத்த கம்பின் முன்னால் நின்றாள்.

"எத்தனை?"

"இருபத்தொண்ணு. அதுக்கு மேல ஒரு காலடி."

பாலசுந்தரம் சிரித்தார். "திருப்பி நடங்க. புதுசா வாரவங்க நீட்டி வைப்பாங்க."

திருப்பி நடந்தாள். இருபத்தொன்று, மேலே ஒரு காலடி.

கொட்டகை நிழலில் இருந்து கருப்பு குரல் கொடுத்தார். "சார், ஒங்களைவிட ஒரு சாண் குட்டையா இருக்காக. அவுகளுக்குக் கூடத்தானே வரணும்? கொறைஞ்சு வருதே!"

சிரிப்பு பாலசுந்தரத்தின் முகத்தில் அப்படியே நின்றது. அவரே நடந்தார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே போய்க் கம்பில் கை வைத்தார். இருபத்துநாலு. திரும்பி அவளைப் பார்த்தார். அவள் ஸ்கூட்டியின் சீட்டைத் தூக்கி, விளையாட்டு விழாவுக்கு வைத்திருக்கும் நீள நாடாவை எடுத்து வந்து ஒரு முனையைக் கருப்பிடம் கொடுத்தாள். இழுத்துத் தரையோடு பிடித்தார்கள்.

"அறுபத்துநாலு அடி" என்றாள். "இருபத்துநாலு தப்படின்னா எழுபத்திரெண்டு இருக்கணும் சார். தப்படிக்கு நாலு இஞ்சு கொறையுது."

கொட்டகையில் மேகலா தகரத்தை ஒருமுறை உதைத்தது.

"முட்டியில ஆபரேஷன் எப்ப சார் பண்ணுனீங்க?"

"தொண்ணூத்துமூணு டிசம்பர்" என்றவர், கேள்வி எங்கிருந்து வருகிறதென்று அப்போதுதான் யோசித்தவர் போல அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"அழகுபாண்டி சம்சாரம்."

அவர் கம்புக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட கால்சட்டை மண்ணாயிற்று.

"அன்னைக்கும் இருபத்துநாலுன்னுதான் எண்ணிச் சொன்னேன். அவனுக்குப் பொறகு வந்தவன் எல்லாம் நாலு பாய்ச்சல்ல போனான்மா. கரையில நின்னு என் கண்ணாலயே பாத்தேன். அழகுபாண்டி மட்டும் அஞ்சுக்குப் புடிச்சான். அஞ்சாவது பாய்ச்சலுக்கு அங்க எடமே இல்ல. இவன் தப்பா எண்ணிட்டான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவனும் தன் தப்புன்னு கையெழுத்துப் போட்டான். எனக்கு வசதியாப் போச்சு."

"ஒங்களுக்குச் சந்தேகமே வரலையா சார்?"

"வந்துச்சு. இந்த மைதானம் போட்டு அஞ்சு வருசம் ஆச்சு. கயிறு வாங்குனேன், கம்பு வாங்குனேன். ஒரு டேப் வாங்கல. இதுக கெழட்டுக் குதிரை, கம்பும் கீழ கெடக்கு. எப்பிடிப் போட்டாலும் சமாளிச்சுத் தாண்டிரும். அளந்து பாக்கணும்னு ஒரு கட்டாயமும் வரல. பயம்மா, வேற ஒண்ணும் இல்ல."

தாமரைச்செல்விக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. ஒன்பது வருஷம் ஒரு மனுஷன் டோக்கன் கிழிக்கிறானே என்று அந்தச் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் கையில் நாடா இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டே, "எழுபத்திரெண்டுல வைங்க சார். நான் ஏறணும்" என்றாள்.

"இன்னைக்கு வேணாம்மா."

"எனக்கு இன்னைக்குத்தான் வேணும்."

கருப்பு இரண்டாவது தடையை எட்டு அடி தள்ளி நட்டு, கம்புகளை இறக்கித் தரையில் போட்டார். பாலசுந்தரம் சேணத்தைக் கட்டி, அவள் பாதத்தை வளையத்தில் மாட்டினார். மேலே ஏறியதும் தரை இத்தனை கீழே இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. "முதுகை நேரா வைங்க. கடிவாளத்தைப் புடிச்சுத் தொங்காதீங்க, அது வாய் வலிக்கும். கண்ணு அடுத்த கம்புல." குரலில் பழைய கண்டிப்பு வந்துவிட்டது. நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரும் கூடவே நொண்டி ஓடினார்.

மேகலா நடந்தது, பிறகு துள்ளு நடை போட்டது. அவள் உடம்பு மூட்டை போலக் குதித்தது. முதல் கம்பு வந்தபோது, குதிரை காதுகளை முன்னால் நீட்டி, ஒரு நொடி அவளிடம் எதையோ கேட்டதுபோல் இருந்தது. அவளுக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் குதிரை தாண்டியது. அவளை நம்பித்தான் தாண்டியது. பிஜிலியும் இப்படித்தான் கேட்டிருக்கும். அழகுபாண்டியும் ஐந்து என்றுதான் சொல்லியிருப்பான். அதுவும் நம்பியிருக்கும். சேணத்தின் மேலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீர் காற்றில் காதுப்பக்கம் ஓடியது.

இறங்கியதும் பாலசுந்தரம் சொன்னார்: "நான் வந்து அவன்கிட்டச் சொல்லணும்."

"முதல்ல நான் போறேன் சார். அவரு சொன்னா வாங்க."

வீட்டுக்கு வந்தபோது அழகுபாண்டி முற்றத்தில் மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்கும் முன்னால் மூக்கு விரிந்தது. பம்பை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"எங்க போயிட்டு வார?"

குதிரை வாசனையை அவனிடம் மறைக்க முடியுமா? அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சிவனாண்டி சொன்னதில் தொடங்கி நாடா, மேகலா, சார் இங்கே வரவேண்டும் என்றது வரைக்கும். அவள் முடித்ததும் அவன் கேட்டான்.

"எம்புட்டு?"

"அறுபத்துநாலு."

"நல்லாப் பாத்தியா?"

"டேப்ல பாத்தேங்க."

அவன் படியில் உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு கைகளும் தன்னால் எழுந்து, காற்றில் கடிவாளம் பிடித்தன. உதடு மெல்ல அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலில் கைகள் முன்னால் போயின, கழுத்தை நீட்டும் குதிரைக்கு இடம் கொடுப்பதுபோல.

"அறுபத்துநாலுன்னா நாலுல நீட்டிப் போயிருக்கலாம்" என்றான். "போயிருக்கும் தாமரை. பிஜிலி போயிருக்கும்."

ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக அந்தப் பெயரைச் சொன்னான்.

"அப்ப ஒங்க தப்பு இல்லதானே?"

அவன் கைகளை மடியில் இறக்கினான். "சாருக்கு முட்டி சரியில்லைன்னு எனக்கும் தெரியும். காலை இழுத்து இழுத்து நடந்தாரு, பாத்தேன். நம்ம கோச்சு தப்பா எண்ணுவாரான்னு இருந்துட்டேன். என் குதிரைக்கு நான்தான் நடந்திருக்கணும்."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் அந்த ஒரு நாள் கேக்காம இருந்திருந்தா நடந்திருப்பீங்க."

"கிறுக்கச்சி" என்றான். "நீ கேக்கலைன்னாலும் இருந்திருப்பேன். புள்ள வெரலைப் புடிச்சுக்கிட்டு விடல."

உள்ளே மகள் டி.வி. பார்க்கும் சத்தம் கேட்டது. அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். பாதி காற்றடித்த சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்தான்.

"தனியாத்தான் இருக்காரா அங்க?"

"கருப்புன்னு ஒருத்தரு இருக்காரு."

"அடுத்த ஞாயித்துக்கெழமை போறப்ப என்னையும் வண்டியில ஏத்திக்க. அவரு இங்க வர வேணாம், நான் வாரேன்." பம்பை எடுத்துக்கொண்டவன் திரும்பிக் கேட்டான். "அந்தக் குதிரை வயசு என்ன சொன்னாங்க?"

"கேக்கல."

"கேட்டுருக்கணும்ல. பல்லைப் பாத்தாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, குனிந்து மிச்சக் காற்றை அடிக்கத் தொடங்கினான்.